எட்டு மணி மேடு

நவம்பர் 20

தம்பிக்கு,

நேற்று மாலை கடைசி வண்டி இறங்கிப் போனது. அதன் பின்னாலேயே பாதைக்குக் குறுக்கே கம்பத்தை இறக்கிப் பூட்டிவிட்டார்கள். இனி ஏப்ரல் கடைசி வரைக்கும் பனி எங்களை விடாது. தபால்காரர் மட்டும் சறுக்குக் கட்டையில் வருவார். கடிதமும் அவசர மருந்தும்தான் அவர் பையில் ஏறும். பெட்டி கட்டிய சாமான் எதையும் கையால் தொடமாட்டார்.

போன் இருக்க எதற்குக் காகிதம் என்று கேட்பாய். அம்மா போட்ட சட்டம்தான். நம் வீட்டில் சண்டை வந்தால் பேசக் கூடாது, எழுதி எதிராளியின் டம்ளருக்கு அடியில் வைக்க வேண்டும். போனில் என்றால் நீயும் நானும் மூன்றாவது வாக்கியத்திலேயே கத்த ஆரம்பித்துவிடுவோம். காகிதம் மலை இறங்குவதற்குள் சூடு ஆறிவிடும்.

இது குடும்ப விஷயம் இல்லை, வேலை விஷயம். உங்கள் கடை மார்ச்சில் இந்த ஆஸ்பத்திரிக்குப் போட்டுக் கொடுத்த இன்டர்நெட் ரூட்டர் பற்றியது. "உங்கள் கடை" என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? ஜூனில் நான் இங்கே வேலைக்கு வருகிறேன் என்று சொன்னபோது அப்பா "போனா அங்கேயே இரு" என்றார். இருக்கிறேன். இங்கே பிளக் மாட்டிய எதுவாக இருந்தாலும் என் பொறுப்பு. எக்ஸ்ரே மெஷினிலிருந்து துணி துவைக்கும் மெஷின் வரை எல்லாம் என் தலையில்தான்.

நேற்று அந்த ரூட்டரின் டிஸ்க்கைக் கேட்டேன். தன் ஆயுளில் அறுபத்துநாலு சதவீதம் செலவாகிவிட்டது என்று அது சொல்கிறது. வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. பதினெட்டு வருஷம் தாங்கும் என்று நீ பெரிய டாக்டரம்மாவிடம் சொன்னாய். நான் பக்கத்தில் நின்றேன்.

இங்கே எலும்புக்கும் மூளைக்கும் தனி டாக்டர் கிடையாது. ஸ்கேன் படம் இந்தப் பெட்டி வழியாக நகரத்துக்குப் போகும், அங்கிருந்து பதில் வரும், அதைப் பார்த்து இங்கே வைத்தியம் நடக்கும். போன வாரம் மரம் அறுப்பவர் ஒருவர் தலையில் அடிபட்டு வந்தார். படம் போனது, பதில் வந்தது, இன்று அவர் சூப்பில் உப்பில்லை என்று நர்ஸிடம் சண்டை போடுகிறார். டிஸ்க் செத்தால் பெட்டி நிற்கும். பெட்டி நின்றால் அடுத்து வருபவருக்குச் சண்டை போட வாய்ப்பே இருக்காது.

எனக்கு ஒரே கேள்வி. ஏப்ரல் கடைசி வரை தாங்குமா?

அக்கா


டிசம்பர் 3

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். அப்பா எதிரே ஒரு ஆம்ப்ளிஃபையரைத் திறந்து போட்டு உட்கார்ந்திருந்தார். யாரிடமிருந்து என்று கேட்கவில்லை. கவரின் மேல் இருந்த எழுத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

தாங்கும். தாராளமாகத் தாங்கும். நீ ஓய்வு பெறும்போது அந்தப் பெட்டிக்கு மாலை போட்டு உன்னோடு சேர்த்து வழியனுப்புவார்கள். கணக்கை மறுபடி சொல்கிறேன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில் எழுதி எழுதி அழிக்க ஒரு எல்லை உண்டு. இந்த டிஸ்க்குக்கு அது இருபதாயிரம் ஜிபி, தயாரித்தவர்களே அட்டையில் போட்டிருக்கிறார்கள். பெட்டியை உங்களுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் ஓடவிட்டு, அதில் கோப்புகள் ஒரு நாளைக்கு எவ்வளவு வளர்கின்றன என்று அளந்தேன். மூன்று ஜிபி. இருபதாயிரத்தை மூன்றால் வகு. இந்தக் கணக்குக்கு இன்ஜினியரிங் காலேஜ் தேவையில்லை.

உனக்கு அறுபத்துநாலு காட்டுகிறது என்றால் நீ பார்த்த எண் தப்பு. மலிவு டிஸ்க்குகள் இப்படி உளறுவது உண்டு. உளறவில்லை என்றே வைத்துக்கொள், நூறைத் தொட்ட நொடியில் டிஸ்க் செத்துவிடாது. மருந்து அட்டையில் தேதி முடிந்த மறுநாள் மாத்திரை விஷமாகிவிடுகிறதா என்ன?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாதாரண டிஸ்க் என்றால் விரல் நீளம்தான். ஒரு கவருக்குள் வைத்து அனுப்பியிருப்பேன், உங்கள் தபால்காரருக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் கழற்ற முடியாதபடி பலகையோடு ஒட்டவைத்த டிஸ்க் உள்ள பெட்டிதான் வேண்டும், ஃபேன் சத்தம் வராது, நோயாளிகள் தூங்குவார்கள் என்று ஒற்றைக் காலில் நின்றது யார்? நான் இல்லை.

நீ பாஸ்வேர்டை மாற்றாமல் இருந்திருந்தால் நானே இங்கிருந்து உள்ளே போய்ப் பார்த்திருப்பேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மாற்றிவிட்டாய். இப்போது எனக்குத் தெரிவது, லைனில் எவ்வளவு போகிறது வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும் கிராஃப் பக்கம் ஒன்றுதான். அதுவாவது மிச்சம் வைத்தாயே, சந்தோஷம்.

அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. அப்பா சாப்பிடுகிறார், கடைக்கு வருகிறார், போகிறார்.

தம்பி


டிசம்பர் 17

கணக்குப்புலிக்கு,

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் முறை இப்போது உன்னுடையது.

டிஸ்க் உளறவில்லை. தன் மேல் இதுவரை எத்தனை ஜிபி எழுதப்பட்டது என்று அதுவே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு நாள் காலை பார்த்தேன், மறுநாள் அதே நேரம் பார்த்தேன், கழித்தேன். ஒரு நாளைக்கு ஐம்பது ஜிபிக்கு மேல். நீ சொன்ன மூன்று எங்கே, இந்த ஐம்பது எங்கே? ஒரு வாரம் விடாமல் பார்த்தும் அதேதான். இந்த வேகத்தில் போனால் மார்ச் கடைசியில் நூறு. பாதை திறப்பது ஏப்ரல் கடைசி. நடுவில் உள்ள அந்த ஒரு மாதத்தை உன் மாத்திரை அட்டைத் தத்துவத்தை நம்பி ஓட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.

எங்கே தப்பு செய்தாய் என்று கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு இடம்.

முதலாவது, இந்த டிஸ்க்கால் ஒரு வரியை மட்டும் எழுத முடியாது. ஒரு வரி மாறினாலும் ஒரு முழுப் பக்கத்தைப் புதிதாக எழுத வேண்டும். இங்கே சலவை அறையில் ஒரு நர்ஸ் ஒரே ஒரு கைக்குட்டையைப் போட்டு அந்த ராட்சச மெஷினை முழுச் சுற்று ஓட்டுவார், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உன் பெட்டி ஒவ்வொரு நொடியும் அதைத்தான் செய்கிறது.

இரண்டாவதுதான் அழகு. கோப்பு எவ்வளவு வளர்கிறது என்று அளந்தாயே, வளராத கோப்பை அளந்தாயா? நீ ஆசை ஆசையாய்ச் செய்து கொடுத்த கிராஃப். வார்டுக்கு ஒரு கோடு, மெஷினுக்கு ஒரு கோடு, மொத்தம் முப்பது கோடு, முப்பது நிறம். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கோப்பு. பழைய எண்ணின் மேலேயே புது எண்ணை எழுதுவதால் அந்தக் கோப்பு என்றைக்கும் ஒரே அளவில் இருக்கும். அளந்தவனுக்குக் கணக்கில் பூஜ்யம். டிஸ்க்குக்கோ நொடிக்கு முப்பது சலவை.

நான் செய்தவை: பெட்டி தனக்கு எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு, அதாவது லாக் எல்லாம் இனி டிஸ்க்கில் வேண்டாம், கரண்ட் போனால் மறந்துவிடும் ரேமில் இருக்கட்டும், ஒரு நாளைக்கு ஒரு முறை மொத்தமாக டிஸ்க்குக்குப் போனால் போதும் என்று மாற்றினேன். யார் எந்த இணையதளத்தின் பெயரைக் கேட்டார்கள் என்று வரி வரியாகக் குறித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினேன், ஆஸ்பத்திரிக்கு அந்த வம்பு எதற்கு? ஒரு கோப்பைத் திறந்து பார்த்தாலே "பார்த்தேன்" என்று தேதி போடும் பழக்கத்தையும் விடச் சொன்னேன். மறுநாளே ஜெனரேட்டர் சோதனையில் கரண்ட் போய் அரை நாள் லாக் அழிந்தது. யாரும் அழவில்லை.

இவ்வளவு செய்தும் பத்து ஜிபிதான் குறைந்தது. மீதி நாற்பதும் உன் கிராஃப். நேற்று அதை நிறுத்திவிட்டேன். டாக்டர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. யாருமே பார்க்காத படத்துக்காக இந்த டிஸ்க் எட்டு மாதம் தேய்ந்திருக்கிறது. இப்போது எழுபத்தொன்றில் நிற்கிறது, இனி அதிகம் நகராது.

என் தலையில் பலகை டிஸ்க்கைக் கட்டினாய், சரி, அது என் தேர்வுதான். உன் கிராஃபை மட்டும் நான் தேர்ந்தெடுக்கவில்லை.

அக்கா


டிசம்பர் 28

தம்பி,

போன கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் இதை எழுத வேண்டியிருக்கிறது. பத்து நாளாக ஆஸ்பத்திரி ஆபீசுக்குத் தினமும் காலையில் ஒரு போன் வருகிறதாம். "உங்க ரூட்டர் வேலை செய்யுதா?" என்று கேட்கிறார்களாம். செய்கிறது என்று சொன்னதும் வைத்துவிடுகிறார்களாம். பெயர் கேட்டால் சொல்வதில்லை. வரவேற்பில் இருக்கும் அம்மா என்னைப் பிடித்து, "உங்க ஆளுங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டார். எனக்கு மானம் போகிறது.

பாஸ்வேர்டு தரவில்லை என்பதற்காக இப்படி வேவு பார்ப்பாயா? கேட்பதை என்னிடம் எழுதிக் கேள்.

அக்கா


ஜனவரி 5

அக்கா,

கிராஃபைத் திரும்பப் போடு. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே போடு.

கணக்கில் நான் தப்புதான். வளராத கோப்பு என்று நீ எழுதிய இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று பொறாமையாகக்கூட இருந்தது. அதை ஒத்துக்கொள்கிறேன், அதோடு விடு. ஆனால் யாருமே பார்க்காத படம் என்று எழுதினாயே, அது தப்பு.

போன் செய்தது நான் இல்லை. அப்பா.

சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு, இப்போது மீறுகிறேன். ஜூலையில் ஒரு நாள் நான் கடையில் அந்த கிராஃப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதன் முன்னால் நின்றார். "இது என்ன, காலையில எட்டு மணிக்கு மேடு ஏறுது?" என்று கேட்டார். அவங்க ஆஸ்பத்திரியில வேலை ஆரம்பிக்கிற நேரம் என்றேன். மறுநாள் மேலே பரணிலிருந்து பழைய மானிட்டர் ஒன்றை இறக்கினார். தானே அதற்குப் பவர் சப்ளை மாற்றினார். தன் மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார். "அந்தப் பக்கத்தை இதுல போட்டு வை. சும்மா ஓடட்டும்" என்றார்.

அன்றிலிருந்து அது ஓடுகிறது. காலையில் கடை திறந்ததும் அவர் ஷட்டரைக்கூட முழுதாக ஏற்றமாட்டார், முதலில் அந்த மானிட்டர். எட்டு மணிக்குக் கோடு ஏறினால், "வந்துட்டா" என்று தனக்குத் தானே சொல்லிவிட்டு டீயை எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மேடு வராது. "லீவு. தூங்கட்டும்" என்பார். உன்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார், உன் பெயரை எடுக்கமாட்டார், ஆனால் நீ என்றைக்கு வேலைக்குப் போனாய் என்று அவருக்குத் தெரியும்.

நீ நிறுத்திய அன்று கோடு அப்படியே அறுந்து நின்றது. மானிட்டர் கெட்டுப்போனது என்று நினைத்துத் திறந்தார். பிறகு என் கம்ப்யூட்டரில் பார்த்தார். அடுத்து நான் திரும்பிப் பார்த்தால் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறார். "எங்கப்பா?" "மேல." "பாதை மூடியிருக்குப்பா." "நடந்து போறவன் போறான்ல, தபால்காரன்?" இந்த வயதில் சறுக்குக் கட்டை! உட்கார வைக்க எனக்கு அரை நாள் ஆனது. அதன் பிறகுதான் போன் செய்ய ஆரம்பித்திருக்கிறார், எனக்கே நீ எழுதித்தான் தெரியும். ரூட்டர் ஓடுகிறதா என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவாராம். உன்னைக் கூப்பிடச் சொல்ல அவருக்கு வாய் வராது, உனக்கே தெரியும்.

டிஸ்க் தேயும் என்று எனக்கும் தெரிகிறது. நோயாளிகளும் தெரிகிறார்கள். அதனால் நீ ஒரு வழி கண்டுபிடி. நம் இரண்டு பேரில் நீதான் கெட்டிக்காரி என்று சின்ன வயதிலிருந்து பிடிவாதமாகச் சொல்லிவருகிறாய், இப்போது நிரூபி.

தம்பி


ஜனவரி 19

தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சர்வர் அறையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அந்த அறைக்குள் என்னைத் தவிர யாரும் வருவதில்லை, அதனால் பரவாயில்லை.

வழி கண்டுபிடித்துவிட்டேன். கஷ்டமே இல்லை. நமக்கு இது முன்னாலேயே தோன்றாததுதான் வெட்கம். பெட்டி ஏன் எழுத வேண்டும்? எண்களை ரேமில் வைத்துக்கொண்டு, கேட்டால் சொன்னால் போதும். கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் கேட்கட்டும், அதுவே எழுதட்டும், அதுவே கோடு போடட்டும். அங்கே டிஸ்க் தேய்ந்தால் அலமாரியிலிருந்து வேறு எடுத்து மாட்டிக்கொள்ளலாம். நொடிக்கு ஒரு தடவை கேட்காதே, நிமிஷத்துக்கு ஒரு தடவை போதும். எங்கள் லைன் மெல்லிசு, ஸ்கேனுக்கு வழி விட வேண்டும். முப்பது கோடும் வேண்டாம். வெளியே போவது ஒன்று, உள்ளே வருவது ஒன்று. எப்படிச் செய்வது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பாஸ்வேர்டும் அதில் இருக்கிறது. படித்ததும் கிழித்துப் போடு.

இப்போது ஒரு விஷயம். அப்பாவிடம் சொல்லிவிடாதே.

அந்த எட்டு மணி மேடு நான் இல்லை. முந்தைய நாள் எடுத்த ஸ்கேன் படங்களையெல்லாம் மொத்தமாக நகரத்துக்கு அனுப்பிப் பத்திரப்படுத்தச் சொல்லி மார்ச்சிலேயே பெட்டியில் நேரம் குறித்து வைத்தோமே, அது. நான் வந்தாலும் வராவிட்டாலும் எட்டு மணிக்குத் தானாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை அதற்கு லீவு, எனக்கு இல்லை. செப்டம்பரில் எனக்கு நான்கு நாள் காய்ச்சல், படுக்கையைவிட்டு எழவே இல்லை. அந்த நான்கு நாளும் அவர் "வந்துட்டா" என்று சொல்லிவிட்டு டீ குடித்திருப்பார். இத்தனை மாதமாக அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு டைமரை.

நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை. அதனால் அந்த டைமரை எடுத்துவிட்டேன். இனி காலையில் நான் வந்து, குளிர்ச் சட்டையைக் கழற்றி மாட்டி, என் கையால் பொத்தானை அழுத்தினால்தான் படங்கள் போகும். இனி அந்த மேடு நான்தான். ஞாயிற்றுக்கிழமை அனுப்பமாட்டேன். அன்றும் வேலைக்கு வருகிறேன் என்று தெரிந்தால் அவருக்குத் தூக்கம் போய்விடும்.

ஆபீசுக்கு போன் செய்ய வேண்டாம் என்று சொல். இல்லை, வேண்டாம், சொல்லாதே. கோடு வந்ததும் அவரே நிறுத்திவிடுவார்.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

கோடு வந்துவிட்டது. தனித்தாளைக் கிழித்துவிட்டேன். நீ எழுதிக் கொடுத்ததில் ஒரே ஒரு இடத்தில் தப்பு இருந்தது, திருத்திக்கொண்டேன். எந்த இடம் என்று சொல்லமாட்டேன், நீயே மண்டையை உடைத்துக்கொள்.

நான் மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் நின்று என்ன செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவளுடைய டிஸ்க் தேயாமல் நம் டிஸ்க்கில் எழுதுகிறோம் என்றேன். "ஆமா, நம்மளோடது தேயட்டும்" என்றார். உள்ளே போய் விற்பனைக்கு வைத்திருந்த புது டிஸ்க் ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்து, "பழசு வேணாம், இத மாட்டு" என்றார். நான் அதையே மாட்டினேன்.

இரண்டு கோடு மட்டும் இருப்பது அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. "முன்னாடி இருந்தது ஜவுளிக்கடை" என்றார். என் முப்பது நிறத்தை இப்படி அவமானப்படுத்துகிறார்கள் அப்பாவும் மகளும். கருத்து ஒன்றாகத்தான் போகிறது, பேசிக்கொள்வதில்தான் தகராறு.

போன செவ்வாய்க்கிழமை மேடு எட்டு மணிக்கு வரவில்லை. ஒன்பதுக்கும் இல்லை. அவர் ரிப்பேரில் கை வைக்கவே இல்லை, ஸ்க்ரூ டிரைவரை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பத்தரைக்குக் கோடு ஏறியது. "உடம்பு சரியில்ல போல" என்றார். டீ கேட்டார். உனக்கு என்ன ஆயிற்று அன்றைக்கு?

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

நீ கேட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குச் சளி, தலைபாரம். வெந்நீரை எதிரில் வைத்துக்கொண்டு எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. அதற்காகவே எழுந்து போனேன். பதிலைத் தாமதமாக எழுதுகிறேன், நடுவில் பனிப்புயல், தபால்காரரே மூன்று வாரம் வரவில்லை. அந்த மூன்று வாரத்தில் ஒரு பிரசவம் சிக்கலாகி, படம் போய்ப் பதில் வந்து, தாயும் பெண் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள். பெட்டி ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.

டிஸ்க் எழுபத்துமூன்று. டிசம்பரிலிருந்து இரண்டே இரண்டு ஏறியிருக்கிறது. பெரிய டாக்டரம்மாவிடம் இன்னும் நாலு ஆண்டுக்குக் கவலையில்லை என்று சொல்லலாம், ஆனால் நம் குடும்பத்தில் ஒருவர் அப்படிச் சொல்லித்தான் வம்பில் மாட்டினோம். அதனால் முதல் வண்டியில் வேறு பெட்டி வருகிறது, கழற்றக்கூடிய டிஸ்க்கோடு. ஃபேன் சத்தத்துக்குப் பஞ்சு சுற்றிக்கொள்கிறேன்.

இருபத்தாறாம் தேதி பாதையைத் திறக்கிறார்கள். அன்று மதியம் பழைய பெட்டியைக் கழற்றுவேன். புதுசுக்கும் கடை கம்ப்யூட்டருக்கும் இன்னும் அறிமுகம் இல்லை, அதனால் உங்கள் மானிட்டரில் கோடு தரையில் படுத்துவிடும். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, மறுபடி ஷூ போட்டுவிடப் போகிறார்.

கோடு படுத்தால் நான் வண்டி ஏறிவிட்டேன் என்று அர்த்தம். பத்து நாள் லீவு. மறுநாள் மாலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். பழைய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன்.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. உன் டம்ளருக்கு அடியில் வைக்கிறேன். பஸ் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நீ சொன்னபடி அப்பாவிடம் சொன்னேன். "வரட்டும், அதுக்கென்ன" என்றார். நேற்று காலையிலிருந்து மானிட்டரின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர் வந்தால் என்னைக் கை காட்டினார். மதியம் கோடு சட்டென்று விழுந்து தரையோடு படுத்தது. அவர் எழுந்தார். மானிட்டரை அணைத்தார். ஜூலைக்குப் பிறகு அது அணைந்தது நேற்றுதான். "கடையைச் சாத்து" என்றார்.

"எங்கப்பா?"

"பஸ் ஸ்டாண்டுக்கு."

"பஸ் நாளைக்குச் சாயங்காலம்பா."

"தெரியும். எந்தப் பக்கம் வந்து நிக்கும்னு பாத்துட்டு வருவோம்."

போனோம். எந்தப் பக்கம் நிற்கும் என்று மூன்று பேரிடம் கேட்டார். மூன்று பேரும் ஒரே பக்கத்தைத்தான் காட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு மனசு கேட்கவில்லை. நீ சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன். அந்த எட்டு மணி மேடு ஜனவரி வரைக்கும் அவள் இல்லைப்பா, தானாகப் போகிற டைமர் என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கண்டக்டர் செல்லாத டிக்கெட்டைப் பார்ப்பது மாதிரி.

"எனக்குத் தெரியாதா? தினமும் டாண்ணு எட்டுக்கு, ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்லாம மனுஷன் எவனாவது வருவானா? மொத வாரமே தெரியும், மெஷின்தான்னு."

"அப்புறம் ஏன் வந்துட்டா, வந்துட்டான்னு சொன்னீங்க?"

"மெஷின் ஓடுதுன்னா அத ஓட்ட அவ அங்க இருக்கான்னுதானே அர்த்தம். அது போதும்னு இருந்தேன்." கொஞ்ச நேரம் பஸ் வரும் பக்கத்தைப் பார்த்தார். "ஜனவரிக்கு அப்புறம் ஒரு நாள் எட்டு மூணு, ஒரு நாள் எட்டு ஏழு, ஒரு நாள் எட்டுக்கு முன்னாடியே. அப்பத்தான் ஆள் வந்துடுச்சுன்னு தெரிஞ்சுது. எனக்காகத்தான் அமுக்குறா. அதுக்கப்புறம் நான் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணல, கவனிச்சியா?"

கவனித்தேன். ஆனால் காரணம் எனக்குப் புரியவில்லை, கணக்கில் நான் எப்போதும் இப்படித்தான் ஏதாவது ஒன்றை விட்டுவிடுகிறேன்.

இப்போது அவர் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார். இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. அம்மா உன் அறைக்குப் புது விரிப்பு போட்டிருக்கிறாள். கடையின் பெயர்ப்பலகையில் இன்னும் உன் பெயர் இருக்கிறது, நீதான் கவனிக்காமல் போனாய்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். பஸ் படியில் நீ கால் வைத்ததும் அவர் எப்படி இருக்கே என்று கேட்கமாட்டார், சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார். இரண்டு நாளாக வாய்க்குள் ஒத்திகை பார்ப்பதை நான் கேட்டுவிட்டேன். "டிஸ்க் எத்தனை பர்சென்ட் மிச்சம்?" என்றுதான் கேட்பார். சிரித்துவிடாதே. பதில் சொல்.

தம்பி